ஒரு ஆளின் மூச்சு

மூடியாயிற்று. கூரையில் இருக்கிற காற்றுப்போக்கியின் கைப்பிடியை, இதற்குமேல் சுற்றாது என்கிற வரைக்கும் சுற்றி இறக்கிவிட்டேன். தரையோரம் ஒரு சல்லடைத் துவாரம் இருக்கிறது. கீழே குளிர்ந்த காற்று உள்ளே வரும், மேலே மூச்சின் ஈரம் வெளியே போகும் என்று அவர் தினமும் பாடம் நடத்துகிற துவாரம். அதற்குள் என் பழைய சால்வையைத் திணித்தாகிவிட்டது. நாலு ஜன்னலும் பூட்டு, கதவும் பூட்டு. ஜன்னல்களில் குளிருக்காக அவர் வெட்டிப் பொருத்தியிருந்த வெள்ளித்தாள் அட்டைகளை மட்டும் கழற்றிக் கட்டிலுக்கடியில் போட்டேன், கண்ணாடி தெரிந்தால்தானே கணக்குத் தெரியும். இனி, கட்டிலும் மேஜையும் வைத்துக் கட்டிய இந்தக் கேரவன் வண்டிக்குள் நான் ஒருத்தி, என் மூச்சு ஒன்று. அவர் போஜன் வீட்டுக்கு நெருப்புக் காயப் போயிருக்கிறார். போஜன் இந்தக் கேரட் தோட்டத்துக்காரர், ஊட்டிப் பக்கத்து எமரால்டில் வண்டியை நிறுத்த எங்களுக்கு இடம் கொடுத்தவர். கேரட் விலை, மருந்தடிப்பு, மோட்டார் என்று ஆண்கள் இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டால் ஒரு சினிமா ஓடி முடிகிற நேரம் ஆகும். "நீயும் வா புள்ள, கணப்புக்கிட்ட கொஞ்சம் ஒக்காந்தீன்னா ஒடம்புக்கு நல்லாருக்கும்" என்று கூப்பிட்டார்தான். முட்டி வலிக்கிறது என்றேன். முட்டி நன்றாகத்தான் இருக்கிறது. தலையில் குல்லாய், குல்லாய்க்கு மேல் மப்ளர், காலில் இரண்டு ஜோடி சாக்ஸ், கழுத்துவரை கம்பளி, கண்ணாடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் ஒன்றும் தெரியவில்லை.

ஒரு ஆளின் மூச்சுக்கு எவ்வளவு தண்ணீர்? இதைக் கேட்டால் பைத்தியம் என்பார்கள். ஆனால் அந்த வீடியோவைப் பார்த்த யாருக்கும் இந்தக் கேள்வி வந்திருக்க வேண்டும், எங்கள் குடும்பத்தில் எனக்கு மட்டும் வந்தது, அவ்வளவுதான். கார்த்திகைக் கடைசியில், "வண்டிய ஒருக்கா குளுர்ல வெச்சுப் பாக்கோணும், இப்ப நீ வர வேண்டாம், எல்லாஞ் செரி பண்ணிப்போட்டு அடுத்த தடவ கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு இதே தோட்டத்துக்கு வந்தார். தனியாக. தனியாகத்தான் போகிறேன் என்று அவர் இரண்டு தடவை சொன்னதே எனக்குப் பிடிக்கவில்லை. தனியாகப் போகிறவன் அதைச் சொல்லிக்கொண்டா போவான்? மறுநாள் காலையில் குடும்பக் குழுவில் அந்த வீடியோ வந்து விழுந்தது. கண்ணாடி நாலும் அழுது வழிகிறது. கூரைத் தகரத்திலிருந்து சொட்டுகிறது. மெத்தை ஓரம் நனைந்து கிடக்கிறது. பின்னால் அவர் குரல் மட்டும்: "பாத்துக்குங்க. எல்லாத்தையும் மூடிப்போட்டுப் படுத்தா இப்படித்தான் ஆகும். எத்தன குளுரா இருந்தாலும் மேல ஒரு கையளவு தொறந்து வெச்சுத்தான் படுக்கோணும்." புனேவில் இருக்கிற பையன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். மருமகள் கைகூப்பினாள். நான் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். முதலில் ஜன்னல் ஓரத்தில் இரண்டாவது டம்ளர் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை. ஹேர்பின், பொட்டு, எதுவும் இல்லை. தண்ணீர்தான் இருந்தது. அதில் ஏதோ இருக்கிறது என்று மனசு சொல்லிற்று, என்ன என்று மட்டும் அப்போது பிடிபடவில்லை.

முந்தாநாள் பிடிபட்டது. இந்தத் தடவை என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாரே, வந்த நாளிலிருந்து இந்தக் கூரைச் சந்து வழியாகப் பனி நேரே என் தலையில்தான் இறங்குகிறது. ஒரு கையளவு திறந்திருக்க வேண்டுமாம். மூடுங்கள் என்றால் முகம் மாறிவிடுகிறது. சமையல் வெளியே, கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூல் போட்டு அதில்தான் அடுப்பு. ஈரத் துண்டை உள்ளே காயப்போடக் கூடாது. காலுக்கு வெந்நீர்ப் பை, அது போதுமாம். ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்து, இருட்டில் அந்தச் சந்துக்கு நேரே கையை வைத்துப் பார்க்கிறார், காற்று வருகிறதா என்று. எனக்குத் தூக்கம் வருவதில்லை, எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த மனிதருக்கு இவ்வளவு பயம் எங்கிருந்து வந்தது? கார்த்திகைக்கு முன்னால் இல்லை. முந்தாநாள் அவர் குறட்டை விட்டதும் நான் எழுந்து சத்தமில்லாமல் கைப்பிடியைச் சுற்றி மூடிவிட்டுப் படுத்தேன், காது கொஞ்சமாவது கதகதப்பாய் இருக்கட்டும் என்று. விடிவதற்கு முன்னால் அவர் எழுந்து பார்த்திருக்கிறார். கதவைத் திறந்து போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார், முகத்தில் ரத்தமே இல்லை. "தொறந்துதான வெச்சேன், ஆரு மூடுனது?" என்றார். "காத்துல மூடியிருக்கும்" என்றேன். அப்புறம் வெளிச்சம் வந்ததும் கண்ணாடியைப் பார்த்தேன். ஏறக்குறைய வீடியோவில் இருந்த மாதிரியே! போனை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சொல்லப்போனால் வீடியோவில் இன்னும் கொஞ்சம் அதிகம். நாங்கள் இரண்டு பேர் மூடி வைத்துப் படுத்தால் இவ்வளவு தண்ணீர். அவர் தனியாகப் படுத்த அன்றைக்கும் இவ்வளவு தண்ணீர். இதைத் தெரிந்துகொள்ள ஒரு காலேஜும் படிக்க வேண்டாம்.

சுகுணா என்று ஒருத்தி. எங்கள் கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸில் காலையில் நடக்கிற கூட்டத்தில் இருக்கிறாள். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், புருஷன் இல்லை, பிள்ளைகள் வெளிநாடு, நடக்க வரும்போதும் கண்ணுக்கு மை. கேரவன் என்றால் சினிமா நடிகர்கள் ஏறி உட்காருவது என்றுதான் நானெல்லாம் நினைத்திருந்தேன். இவர் கரூரில் வண்டியைக் கொடுத்துக் கட்டில், மேஜை, அலமாரி என்று கட்டுகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே இல்லை. "உங்க கேரவன் எப்பங்கண்ணா ரெடியாகும்? எனக்கும் ஒருக்கா ஊட்டிப் பனியில படுத்துப் பாக்கோணுமுங்க" என்று என் காதுபடவே கேட்டாள். படுத்துப் பார்க்க வேண்டுமாம். அண்ணா என்று கூப்பிடுகிறவளிடம்தான் அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், அந்த வார்த்தையைப் போட்டுக்கொண்டால் எங்கே வேண்டுமானாலும் போய் வரலாம் பாருங்கள். இவரும் கணபதி ஏரியாவில் இருந்த இரும்பு வார்ப்படப் பட்டறையைக் கைமாற்றிவிட்ட பிறகு ஆளே மாறித்தான் போயிருந்தார். ராத்திரிச் சாப்பாட்டை விட்டார். இளைத்தார். காலையில் எப்போதும்போல ஐந்து மணிக்கு எழுந்து குளித்து சட்டை போட்டுக்கொண்டு, போக இடமில்லாமல் ஹாலில் உட்கார்ந்திருப்பார். நான் அது அவளுக்காக என்று நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன். போனை எடுப்பார், எதையோ பார்ப்பார், வைப்பார். நான் கூப்பிட்டால் இரண்டாவது தடவைக்குத்தான் திரும்புவார். கல்யாணத்துக்கு என் அப்பா போட்ட கைக்கடிகாரத்தை ஒருநாள் தம்பி மகனைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார். "எதுக்குங்க?" என்றால் "சும்மாதான கெடக்குது" என்றார். என்னை லாக்கருக்குக் கூட்டிப்போய் என் கையெழுத்தையும் சேர்த்தார். வீட்டில் எந்த ஸ்விட்ச் எந்த மோட்டாருக்கு என்று நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தார். குற்ற உணர்ச்சி! ஒரு ஆண்பிள்ளை திடீரென்று பெண்டாட்டிக்கு எல்லாவற்றையும் எடுத்து ஒப்படைக்கிறான் என்றால் வேறென்ன அர்த்தம்? சந்தேகம் உன் பிறவிக் குணம் என்பார் அவர். இருக்கட்டுமே. கேஸ் சிலிண்டரில் எடை குறைகிறது என்று தெருவில் முதலில் கண்டுபிடித்தது யார்? நான் சந்தேகப்பட்டு எதுவும் பொய்யாய்ப் போனதில்லை.

கண்ணாடி இப்போது ஓரங்களில் கொஞ்சம் மங்கியிருக்கிறது. விரலால் தொட்டேன், ஈரம் என்றுகூடச் சொல்ல முடியாது. வெளியே கேரட் பாத்திகளுக்கு மேல் இருட்டு தெளிவாகத் தெரிகிறது, தூரத்தில் போஜன் வீட்டு பல்பு கூடத் தெரிகிறது. அங்கே சிரிப்புச் சத்தம். போஜனையும் நான் விடவில்லை. வந்த அன்றைக்கே கேட்டேன், "போன தடவ எங்க ஊட்டுக்காரரு வந்தப்ப தனியாத்தானுங்க இருந்தாரு?" என்று. அவர் சிரித்தார். "அன்னிக்கு நான் லோடு ஏத்திட்டு மேட்டுப்பாளையம் போயிட்டேங்கம்மா, விடிஞ்சுதான் வந்தேன். வண்டிக் கதவு தொறந்தே கெடந்துச்சு, அண்ணன் வெளிய பாத்தியில ஒக்காந்திருந்தாரு. குளிருல ஏங்கண்ணா இப்படின்னேன், காத்து வாங்கறேன்னாரு" என்றார். உறைபனியில் பாத்தியில் உட்கார்ந்து காற்று வாங்குகிறாராம்! யாரையோ விடிவதற்குள் பஸ் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். முதல் பஸ் எத்தனை மணிக்கு என்றுகூட நான் கடையில் விசாரித்து வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி நான் போன் செய்ததை மறக்க முடியுமா? படுத்தால் தூக்கம் வரவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்கிற மாதிரிக் கூப்பிடலாம், பின்னால் என்ன சத்தம் கேட்கிறது என்று பார்க்கலாம், அதுதான் என் எண்ணம். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. எடுக்காத போன் மாதிரிப் பேசுகிற போன் வேறொன்று கிடையாது. நானும் விடவில்லை, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அடித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் எடுத்தார். எடுத்து, "ஆரு?" என்றார். என்னைப் பார்த்து! என் பேரைப் போட்டுத்தானே போன் காட்டும்? நாக்குக் குழறுகிறது. வார்த்தைக்கு வார்த்தை நடுவே அவ்வளவு இடைவெளி. "சாப்பிட்டீங்களா?" என்றால் "என்ன?" என்கிறார். அப்புறம் எதுவோ உருண்டு விழுந்தது. தடதடவென்று ஒரு சத்தம், கதவு திறக்கிற சத்தம், ஊளைக் காற்று. யாரோ இறங்கிப் போகிறார்கள்! அப்புறம் அவர் வாந்தி எடுக்கிற சத்தம். சரி, குடியும் சேர்ந்துகொண்டது என்று நினைத்தேன். நாற்பது வருஷத்துக்குப் பக்கமாய்க் குடிக்காத மனுஷன், அவளுக்காகக் குடிக்கிறான். வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். அவர் "பேசு, பேசு, வெச்சறாத" என்று மட்டும் சொன்னார். பேசு என்றால் நான் பேசுவேனா? வைத்துவிட்டேன்.

குளிர் கம்பளியைத் தாண்டி வந்துவிட்டது. மூடி வைத்தால் கதகதப்பாக இருக்கும் என்று நினைத்தது பொய், ஒரு ஆளின் மூச்சு இந்தத் தகரப் பெட்டிக்குப் போதவில்லை. கண்ணாடி அப்படியேதான் இருக்கிறது, கீழ்விளிம்பில் ஒரு விரல்கடை மங்கல், அவ்வளவுதான். ராத்திரி முழுக்க உட்கார்ந்தாலும் இது அழுது வழியப் போவதில்லை. கூரையிலிருந்து சொட்டப் போவதில்லை. ஆக, தீர்ந்தது. நான் நினைத்ததுதான். ஜெயித்தவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன், உட்கார்ந்த உடனே அழுகை வந்தது. இந்த வயசில், குல்லாயும் மப்ளருமாய், மலைமேல் ஒரு வண்டிக்குள் உட்கார்ந்து புருஷன் இன்னொருத்தியோடு விட்ட மூச்சைக் கணக்குப் போட்டு அழுகிறேன். எனக்கு அவரை விட்டால் யார்? பையன் புனேவில் கட்டைவிரல் காட்டிக்கொண்டிருப்பான். வந்ததும் கேட்டுவிட வேண்டும். கேட்டால் என்ன சொல்வார்? யாருமில்லை என்பார். எத்தனை தடவை கேட்டாலும் அதைத்தான் சொல்வார், அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு மிச்ச காலத்தை நான் ஓட்ட வேண்டும். விரல் மரத்துப்போகிறது. ஒரு சுக்குக் காப்பி குடித்தால் தேவலை. அடுப்பு உள்ளே மேடையில்தான் இருக்கிறது, குளிருக்காக இருட்டினதும் உள்ளே எடுத்து வைத்துவிடுவார், உள்ளே பற்ற வைக்கக் கூடாது என்பதுதான் சட்டம். அவர் மட்டும் சட்டப்படியா நடக்கிறார்? பற்ற வைத்தேன். நீலமாய்ச் சீறிக்கொண்டு எரிந்தது. பாத்திரத்தைத் தேடுவதற்கு முன்னால் கொஞ்சம் கை காயலாம் என்று இரண்டு கையையும் நீட்டி நின்றேன். அடடா, என்ன சுகம்.

கை காய்ந்து, முகம் காய்ந்து, மப்ளரை அவிழ்த்துவிட்டு இரண்டாவது பர்னரையும் ஏற்றினேன். அப்புறம் எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ தெரியவில்லை. சுக்கைத் தட்டலாம் என்று திரும்பினால் போஜன் வீட்டு பல்பைக் காணோம். கண்ணாடியே வெள்ளையாகிவிட்டிருந்தது. பாத்திரம் வைக்கவில்லை, தண்ணீர் கொதிக்கவில்லை, வெறும் கேஸ் தீ, அது எரியும்போதே ஈரம் விடும் போலிருக்கிறது. அந்தத் தீயில் கண்ணாடி வேர்த்து, நான் பார்க்கப் பார்க்க ஒரு சொட்டு உருண்டது, அது இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டு கீழே ஓடிற்று. நாலு ஜன்னலிலும் அப்படியே. கூரைத் தகரத்தைத் தடவினேன், உள்ளங்கை நனைந்தது. போனை எடுத்து வீடியோவைப் போட்டேன். அதே! அதே வெள்ளை, அதே ஓட்டம். இரண்டாவது ஆளின் மூச்சு இல்லை இது. அடுப்பு. அடுப்பைப் பற்ற வைத்துக் குளிர் காய்ந்திருக்கிறார், மனுஷன், ஊருக்கெல்லாம் சட்டம் பேசிவிட்டு! நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. சுகுணாவும் இல்லை, பஸ்ஸும் இல்லை. பாவம் அந்தப் பெண், கண்ணுக்கு மை போட்டால் என்ன, ஊருக்குப் போனதும் அவளை ஒருநாள் சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்றுகூட நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்து கண்ணாடியில் தண்ணீர் ஓடுவதைச் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பு எரிந்தபடியே இருந்தது, அதை அணைக்கத் தோன்றவில்லை.

ஆனால் மூடி வைத்துவிட்டா பற்ற வைத்தார்? இங்கே வந்து மனசு நின்றது. அவரா? பட்டறையில் ஒரு மழைக்காலம் கூலியாட்கள் மூன்று பேர் குளிருக்காக ஒரு தகரத்தில் கரி நெருப்பை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திப் படுத்துவிட்டார்கள். இவர் தற்செயலாய்ப் போனவர் கதவை உதைத்துத் திறந்து, நெருப்பைத் தகரத்தோடு தூக்கி வெளியே எறிந்து, மூன்று பேரையும் தரதரவென்று இழுத்துப் போட்டு அறைந்தார். கை வெந்துபோய் வீட்டுக்கு வந்தார். நான்தான் மருந்து போட்டேன். "மூடுன எடத்துல தீ வெக்கக் கூடாது புள்ள. அந்தக் காத்துக்கு வாசமும் இல்ல, நெறமும் இல்ல, கொல்ல வந்தாலும் சொல்லிட்டு வராது" என்றார். அப்படிப்பட்ட ஆள். உலையோடு பிறந்த ஆள். குளிருக்குப் பயந்து மறந்திருப்பாரா? குளிருக்கு ஒரு பனியன்கூடப் போடாத மனுஷன். தலை லேசாக வலிக்கிறது, நெற்றிப்பொட்டில் இடிக்கிறது. மறந்துதான் இருப்பார். ஆனால் போனில் நாக்குக் குழறிற்றே, அது குடி இல்லையென்றால் என்ன? இறங்கிப் போனது யாரும் இல்லையென்றால், கதவைத் திறந்துகொண்டு விழுந்தது யார்? வெச்சறாத என்றாரே. நான் வைத்தேனே. கடிகாரத்தை எதற்குக் கொடுத்தார்? சும்மாதான கெடக்குது என்றால் எது சும்மா கிடக்கிறது? எந்த ஸ்விட்ச் எந்த மோட்டாருக்கு என்பதை நான் எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும், போடுவதற்குத்தான் அவர் இருக்கிறாரே. இருக்கிறாரே. எழுந்து அடுப்பை அணைக்க வேண்டும் என்று தெரிகிறது. கால் எங்கேயோ தூரத்தில் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் உட்கார்ந்து யோசித்தால் எல்லாம் தெளிவாகிவிடும் போலிருக்கிறது.

கதவு இடிபட்டது. "வளரு! ஏ வளரு! தொற!" வளர்மதி என்கிற பெயரை அவர் இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கண்ணாடியில் யாரோ உள்ளங்கையால் அறைகிறார்கள். எழுந்தேன், மேஜையில் இடித்துக்கொண்டேன், தாழ்ப்பாளைத் தேடி இழுத்தேன். கதவோடு சேர்த்து என்னையும் இழுத்துக்கொண்டு போய்ப் பாத்தியில் உட்கார வைத்தார், ஓடிப்போய் அடுப்பை அணைத்தார், கூரையைத் திறந்தார், ஜன்னல்களைத் திறந்தார், எல்லாம் படபடவென்று கேட்டது. குளிர் வந்து முகத்தில் அடித்தது. திரும்பி வந்து என் முன்னால் மண்டி போட்டு என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை, அழுகிறார்.

"ஏஞ்சாமி... நீயும் எதுக்குச் சாமி இந்தக் காரியம் பண்ணுன? நான் என்ன கொற வெச்சேன் உனக்கு?"

"நான் ஒண்ணும் பண்ணலீங்க" என்றேன். "கண்ணாடியில எத்தன தண்ணி எறங்குதுன்னு பாத்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். சொன்னது அவருக்குப் புரியவில்லை. எனக்குத்தான் புரிந்துவிட்டது. நீயும் என்றாரே. நான் எதையோ பண்ணிக்கொள்ளப் பார்த்தேன் என்று நினைத்துவிட்டார். அப்படி ஒரு நினைப்பு ஒரு மனுஷனுக்குச் சட்டென்று எங்கிருந்து வரும்? எனக்குக் கேட்கவே பயமாக இருந்தது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை, என் குணம் அப்படி.

"அன்னிக்கு உங்ககூட ஆரு இருந்தா?"

"ஆரும் இல்ல" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன எதையும் நான் இப்படி உடனே நம்பியதில்லை.

"குளுருக்குத்தான் பத்த வெச்சேன்" என்றார், பாத்தி மண்ணைப் பார்த்துக்கொண்டு. "அப்படித்தான் நெனச்சுட்டு வெச்சேன். மேல மூடியிருக்குதுன்னு படுத்ததுக்கு அப்பறந்தான் நெனவு வந்துச்சு. தல கனத்துச்சு. என்ன ஆகுதுன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுது. எந்திரிக்கோணும்னு தோணல புள்ள. எந்திரிச்சு எங்க போறது, காத்தால என்ன பண்றதுன்னு இருந்துச்சு. அப்படியே கெடந்தேன்."

"அப்பறம்?"

"போனு அடிச்சுது. நீதான்னு தெரியும். உட்டுட்டேன். மறுக்கா அடிக்குது, மறுக்கா அடிக்குது. எடுக்காம உட்டா, எவகூடக் கெடக்கறீங்கன்னு நீ போஜன் ஊட்டு வரைக்கும் போன் போட்டு மானத்த வாங்கிருவ. செரின்னு எந்திரிச்சேன்."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன், இரண்டு கையாலும், பொத்தான் அறுகிற மாதிரி. அடிக்க வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, எதைச் செய்தேன் என்று தெரியவில்லை. யாராவது இருந்திருக்கலாம். ஒரு பொம்பளை இருந்திருக்கலாம், அந்தச் சுகுணாவே இருந்துவிட்டுப் போயிருக்கலாம். ரேஸ்கோர்ஸில் நடுவழியில் நிறுத்தி நாலு வார்த்தை கேட்டிருப்பேன், அவள் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றியிருப்பேன், ஊரைக் கூட்டியிருப்பேன், எனக்கென்ன சண்டை போடத் தெரியாதா? காலையில் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு போக இடமில்லாமல் உட்கார்ந்திருந்தார், நான் எதிரில் காப்பியோடு நின்றுகொண்டு அவர் போனில் யார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதை யாரிடம் போய்க் கேட்பது?

"விடிஞ்சதும் கோயமுத்தூர் போறோம்" என்றேன். "நல்ல டாக்டராப் பாக்கறோம். இப்பச் சொன்னத அப்படியே அவருகிட்டச் சொல்றீங்க. நானும் பக்கத்துலயே ஒக்காந்திருப்பேன்."

"செரி" என்றார்.

"பையனுக்கும் சொல்லோணும்."

அவர் முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். நானும் விடுவதாக இல்லை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். உள்ளே வந்து பழைய வேட்டியால் கண்ணாடி நாலையும் துடைத்தோம், அவர் பிழிய நான் துடைக்க. தரையோரத் துவாரத்திலிருந்து சால்வையை உருவி எடுத்தேன். கூரையைக் கையளவு என்ன, இரண்டு கையளவு திறந்து வைத்தார், பனி நேரே உச்சந்தலையில் இறங்கிற்று, இறங்கட்டும் என்று விட்டேன். எதிர்க் கட்டிலில் என் படுக்கையை நான் போடவில்லை. "அக்கட்டத் தள்ளிப் படுங்க" என்று அவர் கட்டிலிலேயே ஏறினேன். ஒரு ஆளுக்கு அளவெடுத்துச் செய்தது, பாதி உடம்பு வெளியே தொங்குகிறது. "தூங்கு புள்ள, நான் பாத்துக்கறேன்" என்றார். "நீங்க தூங்குங்க" என்றேன். கொஞ்ச நேரத்தில் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். நான் தூங்கவில்லை. இந்த ஆளை எப்படி நம்புவது?